படம் ஏன் விழவில்லை

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால் பஸ்ஸும் லாரியும் கடைத்தெரு முழுக்க நின்றுவிடும். நிற்கிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்கள் கண்ணில் என் போர்டு படும் என்று எண்ணித்தான் கேட்டை ஒட்டிப் போட்டோ ஸ்டூடியோ வைத்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பௌதிகத்தில் பட்டமும் அதன்மேல் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து அலுத்துப்போய், டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். குவிலென்ஸ் வழியே பிம்பம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று பதினோரு வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்தது அறியாமையால் செய்ததல்ல என்பது முதலிலேயே தெரிந்துவிட வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருந்த வருஷங்கள் அவை. அதற்கு முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் முஸ்லிம் குடும்பங்கள்தான். இப்போது வெண்ணாற்றங்கரைக் கிராமங்களில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பையன்களும் பாஸ்போர்ட்டுக்குப் புறப்பட்டார்கள். என் கடைக்கு வந்த முதல் கூட்டம் அவர்கள்தான். ஸ்டூலில் உட்காரவைத்து, "ரெண்டு காதும் தெரியணும், சிரிக்காதீங்க" என்பேன். சிரிக்காதே என்று சொல்லத் தேவையில்லாத முகங்கள்தான் பெரும்பாலும்.

பக்கத்துக் கடை ஐ.எஸ்.டி. பூத். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். வெள்ளிக்கிழமை ஆனால் சவுதியில் விடுமுறை. அங்கிருந்து போன் வரும் என்று சுற்றுப்பட்ட ஊர்ச் சனம் காலையிலிருந்தே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். யாருக்கு மகள் பிறந்தாள், யாருக்கு முதலாளி சம்பளம் தரவில்லை, எல்லாம் எனக்குத் தட்டி வழியாகத் தெரியும்.

கடை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மார்கழி. ஒருநாள் காலை அறுபது வயதுக்காரர் ஒருவர் பூத்துக்குள் நின்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அவர் மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகன் சவுதியில். தகவல் எப்படியோ போய், அவனே கூப்பிட்டிருந்தான்.

"பாஸ்போட்டு மொதலாளி கையில இருந்தா என்னப்பா, கேட்டு வாங்கிட்டு வா... தர மாட்டேங்கிறானா? அம்மா செத்துப் போயிட்டான்னு சொல்லு... சொன்னியா?... சரி. சரிப்பா. படம் எடுக்கச் சொல்றேன். அழுவாத. எடுக்கச் சொல்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டு நேராக என் கடைக்குள் வந்தார்.

"தம்பி, பொட்டிய எடுத்துக்கிட்டு வாங்க. அம்மா மொகத்தப் பாக்கணுங்கிறான். அவள ஒரு படம்கூட எடுத்ததில்ல."

படம் ஒட்டிய வாக்காளர் அட்டையெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். கல்யாணத்தில்கூடப் போட்டோ எடுக்காத தலைமுறை. அந்த அம்மாளின் முகம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவர் தானாகவே பேசிக்கொண்டு வந்தார். மகன் போனது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் வரும், நாற்று விடலாம், இந்த வருஷம் இரு என்றாளாம். அவன் டிக்கெட் வந்துவிட்டது என்றானாம்.

"பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப, அம்மா போயிட்டு வர்றேன், அம்மா போயிட்டு வர்றேன்னு நாலு தரம் கூப்புட்டான் தம்பி. அடுப்பப் பாக்கத் திரும்பி ஒக்காந்துக்கிட்டா. மூஞ்சியக் காட்டவே இல்ல. பஸ்சு போனதுக்கு அப்புறம் ரோட்டுக்கு ஓடுனா. அப்புறம் தெனமும் அழுவத்தான் செஞ்சா. கடுதாசியில ஒரு வார்த்த எழுதட்டுமான்னா, வேணாம், அவன் வந்தா பாத்துக்கறேம்பா."

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அந்த அம்மாளை உட்காரவைத்திருந்தார்கள். படம் எடுப்பதற்காக இறந்தவர்களை நாற்காலியில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலை சாயாமல் இருக்க நெற்றியைச் சுற்றிப் பழம்புடவைக் கிழிசலால் நாற்காலி முதுகோடு கட்டி, கட்டு தெரியாமல் பூவைச் சுற்றியிருந்தார்கள். லென்ஸ் வழியே நான் அதுவரை பார்த்ததெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களின் முகம்.

கேமராவில் முந்தின நாள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எடுத்த பிலிம் முடியும் தறுவாயில் இருந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் நிழலில் போய், அதைச் சுற்றி எடுத்துவிட்டுப் புதுச் சுருளை மாட்டினேன். பிலிமின் நுனியை வலப்பக்க உருளையின் பிளவில் செருகி, ஓரத்து ஓட்டைகள் பல்சக்கரத்தில் உட்காருகின்றனவா என்று பார்த்து மூடவேண்டும். மூடியபிறகு ஒவ்வொரு படத்துக்கும் சுற்றும்போது இடப்பக்கத் திருகும் கூடவே சுழல்கிறதா என்று பார்க்கவேண்டும். அது சுழன்றால் உள்ளே பிலிம் ஓடுகிறது. சுழலாவிட்டால் ஓடவில்லை. தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் இது.

"தம்பி, சீக்கிரம். ராகு காலம் வர்றதுக்குள்ள எடுத்துடணும்" என்று யாரோ கத்தினார்கள். மூடிவிட்டு ஓடினேன்.

வெயில் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அடித்தது. கொஞ்சம் திருப்பிப் போடுங்கள் என்றேன். பெரியவரின் அக்கா, தலைமுடி முழுக்க நரைத்த கிழவி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெசைய மாத்தக் கூடாது. ஒன் பொட்டிய மாத்து."

பொட்டியை மாற்றினேன். லென்ஸில் வெயில் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, குனிந்தும் மண்டியிட்டும் பன்னிரண்டு படம் எடுத்தேன். அம்மாள் மட்டும், பிறகு பக்கத்தில் கணவர், பிறகு உறவுகள் எல்லோரும் சூழ நின்று. எண்காட்டும் ஊசி ஒழுங்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தது. இடப்பக்கத் திருகை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு இருட்டறைக்குள் உட்கார்ந்து பிலிமைத் திரும்பச் சுற்றினேன். இரண்டு சுற்றிலேயே திருகு லேசாகிவிட்டது. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மருந்தில் போட்டேன். கழுவி எடுத்துப் பார்த்தால் நுனியில் ஒரு விரல் நீளம் கறுப்பு. மீதி முழுக்கக் கண்ணாடிபோல வெறும் பிலிம். விளிம்பில் பிலிமின் எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. மருந்து சரி, பிலிம் சரி. பிளவில் நுனி பிடிக்கவில்லை. பன்னிரண்டு தடவையும் வெளிச்சம் பட்டது ஒரே இடத்தில். அந்த அம்மாளை நான் மாட்டும்போதே வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன நுனியின்மேல் பன்னிரண்டு தடவை எடுத்திருக்கிறேன். அதற்குள் அங்கே எரியூட்டியிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துப் பிலிமையும் அன்றே கழுவினேன். எல்லாம் நன்றாக விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். கேமரா ரிப்பேர் என்று சொல்வதாக வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பெரியவர் வாசல் வேப்பமரத்தடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் அக்கா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

"படம் விழலீங்க" என்றேன்.

அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் கிழவி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"அதுக்கு மொத நாளு இதே பொட்டியிலதானே நம்மூருப் பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களப் புடிச்ச? அது விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நல்லாவா?"

"நல்லாத்தான்."

சுளகைக் கீழே வைத்தாள். "அப்ப பொட்டியில பழுது இல்ல. கேட்டியாடா? அன்னிக்கு அடுப்படியில திரும்பி ஒக்காந்தா பாரு, அதேதான். செத்தும் புள்ளைக்கு மூஞ்சியக் காட்ட மாட்டேன்னுட்டா. வைராக்கியக்காரிடா ஒம் பொண்டாட்டி."

"அப்படியெல்லாம் ஆவுமா தம்பி?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். படித்தவன் என்பதால் கேட்டார். டுடோரியலில் வகுப்பெடுத்தவன் என்று அவருக்குத் தெரியும்.

ஆகாது என்று ஒரு சொல் போதும். பிலிமை நான் ஒழுங்காக மாட்டவில்லை என்று இன்னும் நாலு சொல். என் மனதில் அப்போது ஓடியது என் போர்டு. இழவு வீட்டுப் படத்தைக் கெடுத்தவன் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் கேட் மூடினாலும் திறந்தாலும் ஒருத்தரும் என் படியேறமாட்டார்கள். ரயிலடிப் பக்கம் இருபது வருஷமாக இன்னொரு ஸ்டூடியோ இருந்தது.

"என்னன்னு தெரியலீங்க. எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றேன்.

கிழவி என்னை ஆதரவாகப் பார்த்தாள். "ஒம்மேல தப்பு இல்லப்பா. நீ என்ன பண்ணுவ?" என்றாள். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் பூத்துக்கு வந்தார்கள். பெரியவரால் பேச முடியவில்லை. அக்காதான் ரிசீவரை வாங்கிக்கொண்டாள். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கவேண்டுமே என்று உரக்கப் பேசினாள். உட்கார்ந்திருந்த சனம் முழுக்கக் கேட்டது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுப்பா... படமா? படம் விழல... விழலப்பா, பொட்டி நல்லாத்தான் இருக்கு. அம்மா ஒனக்கு மூஞ்சியக் காட்டல. ஆமா. நான் என்னடா செய்ய? அன்னிக்கு இருடான்னு சொன்னா இருந்திருக்கணும்... டேய். டேய், அழுவாத. பக்கத்துல யாரு இருக்கா? யாருகிட்டயாவது குடு."

நான் தட்டிக்கு இந்தப் பக்கம் பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்த ஒரு பையனை உட்காரவைத்து விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ரிசீவர் என்னிடமிருந்து ஆறு அடி தூரத்தில் இருந்தது. வெளியே போய், கொடுங்கம்மா, நான் ரெண்டு வார்த்தை பேசுறேன் என்று வாங்கியிருக்கலாம். "தாடையக் கொஞ்சம் தூக்குங்க" என்று அந்தப் பையனிடம் சொன்னேன். போன் அங்கே வைக்கப்பட்டுவிட்டது.

கதை ஊரெல்லாம் பரவியது. வெள்ளிக்கிழமை பூத்துக் கூட்டம் அதற்கு உதவியது. என்னை யாரும் குறை சொல்லவில்லை. "அந்த அம்மா படம் விழலையாமே, நெஜமா?" என்று பாஸ்போர்ட்டுக்கு வந்த பையன்கள் கேட்பார்கள். ஆமாம் என்பேன். வெளிநாடு போகிறவன் தாயைக் கும்பிட்டுச் சம்மதம் வாங்காமல் போகக்கூடாது என்பதற்கு அது ஓர் உதாரணமாகிவிட்டது. என் கடைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாளின் மகன் விடுமுறையில் வந்தான். வந்த மூன்றாம் நாளே கடைக்கு வந்தான். நெற்றியில் திருநீறு, கையில் ராமேஸ்வரத்துக் கயிறு. தாய் சாபத்துக்குப் பரிகாரம் என்று யாரோ போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"சார், நீங்கதானே எடுத்தீங்க. நீங்க பாத்தீங்கல்ல? கோவமா இருந்துச்சா?"

"இல்ல தம்பி. கண்ணு மூடியிருந்தாங்க. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் சார் விழல?"

கடையில் வேறு யாருமே இல்லை. கேட் மூடியிருந்தது, வெளியே ஒரு பஸ் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எனக்குத் தடையாக எதுவும் இல்லை. கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் சொல்லாதது என்பது புதிதாக ஒரு குற்றமாகச் சேர்ந்துவிட்டிருந்தது. பிலிம் மாட்டாததைச் சொல்லலாம். இரண்டு வருஷம் அவனை அழவிட்டதை எப்படிச் சொல்வது?

"தெரியல தம்பி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான்.

பிறகு அவன் வரவு குறைந்துபோனது. கல்யாணத்துக்கு வந்தான், போனான். ஏழெட்டு வருஷம் கழித்துப் பெரியவர் படுத்த படுக்கையானார். ஒரு வெள்ளிக்கிழமை, அதே கிழவி அதே பூத்தில் நின்று கெஞ்சினாள். அவன் வேலை மாறியிருந்தான். இந்த முதலாளி லீவு தருவார், பாஸ்போர்ட்டும் அவன் கையில்தான் இருந்தது. அவன் வரவில்லை. பெரியவர் இறந்தபோதும் வரவில்லை. படம் எடுக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அன்று கிழவி பூத்திலிருந்து வெளியே வந்து என் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். "அப்பாவும் திரும்பிக்கிட்டாருன்னா நான் தாங்க மாட்டேன் அத்தைங்கிறான். என்னத்தச் சொல்ல?" என்றாள். வேறு யாரோ கிளப்பிவிட்ட பேச்சைப்போலச் சொன்னாள். அந்த வார்த்தையை முதலில் சொன்னது தான் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. எனக்கு இருந்தது.

பெரியவருக்குப் பங்காளிப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான்.

அன்று வீட்டுக்குப் போய் முதல்முறையாக என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிவில், "என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவன்கிட்டல்ல சொல்லணும்" என்றாள். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவே இல்லை. எப்போதாவது நான் யாரைப்பற்றியாவது நியாயம் அநியாயம் என்று உரக்கப் பேச ஆரம்பித்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நிறுத்திக்கொள்வேன். போன வருஷம் அவளும் போய்விட்டாள்.

அவள் காரியம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அந்தக் கிராமத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். அவன் நிரந்தரமாகத் திரும்பி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பழைய வீடு இருந்த இடத்தில் மாடிவீடு. ஐம்பது தாண்டிவிட்ட, தலை நரைத்த மனிதர் வந்து கதவைத் திறந்தார். எனக்கு அவன் என்றே வருகிறது.

"சார்! வாங்க, வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் இந்தத் தடவையும் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"தம்பி, அம்மா படம் விழாதது என் தப்பு. பிலிமை நான் ஒழுங்கா மாட்டல. உள்ள ஓடவே இல்ல. அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். பேரு கெட்டுடும்னு பயந்து மறைச்சுட்டேன். அம்மாவுக்கு உங்க மேல கோவமே இல்ல. நீங்க போனதுலேர்ந்து தெனமும் அழுதாங்கன்னு அப்பா என்கிட்ட சொன்னாரு. அதையும் நான் சொல்லல."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க வீட்டம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன் சார். வரணும்னு இருந்தேன், முடியல. தனியா இருக்கறப்ப மனசு இப்படித்தான் எதையாவது இழுத்துப் போட்டுக்கும்."

"இல்ல தம்பி. நெஜமாத்தான் சொல்றேன்."

"எனக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு இவ்ளோ தூரம் பஸ்ஸுல இடிபட்டு வந்து, தப்ப உங்க தலையில போட்டுக்கறீங்க. யாருக்கு சார் இந்த மனசு வரும்?"

சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்துத் தரச்சொன்னேன். அதன் பின்பக்கம் உருளையையும் பிளவையும் பல்சக்கரத்தையும் வரைந்தேன். நுனி இங்கே பிடிக்காவிட்டால் இந்தத் திருகு சுழலாது, படம் எல்லாம் ஒரே இடத்தில் விழும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். பதினோரு வருஷம் பாடம் எடுத்த பழக்கம். எழுத்து நடுங்கினாலும் படம் தெளிவாக வந்தது. அவன் நல்ல மாணவனைப் போலக் குனிந்து பார்த்தான். புரிந்துகொண்டான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு தாளை என் பக்கமே மெதுவாக நகர்த்தினான்.

"அன்னிக்கு அந்த போன்ல சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் சார்" என்றான். "இப்ப வேணாம். இப்ப நான் இத நம்புனா, அப்பா சாவுக்கு நான் எதுக்கு வராம இருந்தேன்?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க? சார் என்ன வெஷயமா வந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அம்மாவப் பத்தி நல்ல வார்த்த நாலு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தாரு."

"அவங்களப் பாத்த ஆளுங்க இப்ப ஊருல யாருங்க இருக்காங்க" என்றாள் அவள். "சாப்புட்டுட்டுத்தான் போவணும் நீங்க."

சாப்பிடவில்லை. பஸ் வரும் நேரம் என்று எழுந்தேன். ரோடுவரைக்கும் கூடவே வந்தான். வயலில் இயந்திரம் நடவு போட்டுக்கொண்டிருந்தது. பஸ் வந்ததும் என் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் சொன்னான்:

"பெரியவர் தனியா வந்திருக்காரு. ரயில்வே கேட்டுகிட்ட பாத்து எறக்கிவிடுங்க. ரொம்ப நல்ல மனுஷன்."